பாதியில் நின்ற வாக்கியம்

யூனிஸ் முதன்முதலில் தன் குரலைப் பதிவு செய்தது துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டுதான். முடிச்சூரில் அவளும் கணவன் ஜெபினும் குடியிருந்த மாடிவீட்டில் அதைவிட அமைதியான இடம் கிடையாது. விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேலேயே சுற்றும். அவை ஓய்ந்தால் சாலையில் லாரிகள். தொங்கும் புடவைகளுக்கு நடுவே போனைச் செருகி, கழுத்து வலிக்கக் குனிந்து பேசினால் குரல் கொஞ்சம் தெளிவாக விழுந்தது.

படப்பைப் பக்கம் ஒரு பார்மஸி கல்லூரியில் அவள் மருந்தியல் விரிவுரையாளர். கொரோனா ஊரடங்கில் கல்லூரி மூடியிருந்தபோது அபிகாயில் என்ற மாணவி போன் செய்து அழுதாள். யாரோ வாட்ஸ்அப்பில் சொன்னதைக் கேட்டு அவள் அப்பா பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டாராம். யூனிஸ் அவருக்காக ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினாள். எந்த ஆய்வு, எத்தனை பேரிடம் நடந்தது, என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று வகுப்பில் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள். அவர் மாத்திரையை மறுபடி போட ஆரம்பித்தார். அந்த வாய்ஸ் நோட் தாம்பரம் முழுக்கச் சுற்றிவிட்டு, அவள் சர்ச் குரூப்புக்கே ஒருநாள் திரும்பி வந்தது.

அப்படித் தொடங்கியதுதான் ‘சான்று என்ன?’ பாட்காஸ்ட். சான்று இல்லாமல் எதையும் சொல்லக்கூடாது, தெரியாததைத் தெரியாது என்றே சொல்ல வேண்டும் என்று அவள் தனக்கு விதி வைத்துக்கொண்டாள். ரொம்ப நாள் அதிகம் பேர் கேட்கவில்லை. அவளுடைய மாணவிகளும், அவர்கள் அம்மாக்களும், கீழ்வீட்டுப் பொன்னுரங்கமும்தான்.

பொன்னுரங்கம் வீட்டுக்காரர். ஏரிக்கரை ஓரம் நெல் போட்டுக்கொண்டிருந்த குடும்பம். நிலமெல்லாம் பிளாட்டாகிப் போனபின், வாடகை வாங்கிக்கொண்டு, வாசலில் போகிறவர் வருகிறவரை நிறுத்திப் பேசுவதுதான் அவருக்கு வேலை. மாடியில் பதிவு நடக்கிறது என்று தெரிந்தால் தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிடுவார். “சாமுண்டி, மிக்ஸிய ஆஃப் பண்ணு. மேல டாக்டரம்மா பேசிக்கினு கீது!” என்று அவர் மனைவியை அதட்டும் சத்தம்தான் சில பகுதிகளில் லேசாகப் பதிந்திருக்கும்.

“நான் ஊசி போடுற டாக்டர் இல்ல, அய்யா. ஆராய்ச்சி பண்ணி வாங்கின பட்டம்” என்று அவள் பலமுறை சொல்லிப் பார்த்தாள்.

“இருக்கட்டுமே. ஆஸ்பத்திரில அந்த டாக்டர் என் மூஞ்சியக்கூடப் பாக்க மாட்றான். நீ சொன்னாதாம்மா எனக்குப் புரியுது.”

கேட்பவர்கள் எழுதும் கேள்விகளை அவர்கள் எழுதிய தமிழிலேயே வாசித்துப் பதில் சொல்லத் தொடங்கியதும் நிலைமை மாறியது. குன்றத்தூரிலிருந்து ஒரு பெண், ‘சுகர் மாத்திர கிட்னிய கெடுக்குமா மேடம், என் வூட்டுக்காரர் பயந்துகினு போட மாட்றாரு’ என்று எழுதியிருந்தாள். யூனிஸ் அந்த ஒரு கேள்விக்கு முக்கால் மணி நேரம் பதில் சொன்னாள். அந்தப் பகுதி ஆட்டோவில் ஒலித்தது, தையல் கடையில் ஒலித்தது, டயாலிசிஸுக்குக் காத்திருப்பவர்கள் கையில் ஒலித்தது. ஆயிரங்கள் லட்சமாயின. ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்த ஜெபின் வேலையை விட்டுவிட்டு எடிட்டிங் பக்கம் உட்கார்ந்தான். கேமரா வந்தது. அலமாரியிலிருந்து அவள் வெளியே வந்து, சத்தம் எதிரொலிக்காமலிருக்க நுரைத்தகடு ஒட்டிய சுவருக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கூட்டம் கூடக் கூட வீட்டில் சண்டையும் கூடியது.

“முதல் மூணு செகண்ட்ல பிடிச்சு உக்கார வைக்கணும், யூனிஸ். நீ ‘ஆனா’ன்னு ஆரம்பிக்கிற இடத்துல ஜனங்க தள்ளிட்டுப் போயிடுறாங்க. கிராஃப் அப்படியே கீழ விழுது, வந்து பாரு.”

“அந்த ‘ஆனா’லதான் சயின்ஸே இருக்கு, ஜெபின்.”

“யாரும் கேக்காத சயின்ஸ வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற?”

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பொய் சொல்பவர்களைக் கோடிக்கணக்கானோர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். முழுப்பகுதி அவள் விருப்பப்படி இருக்கும், அதில் அவன் கை வைக்கமாட்டான். அதிலிருந்து வெட்டிப் போடும் ஒரு நிமிடத் துண்டுகள் அவன் பொறுப்பு.

கொலஸ்ட்ரால் மாத்திரை பற்றிய பகுதியை ஒரு மதியம் பதிவு செய்தார்கள். நன்றாகவே வந்தது. இதயநோய் வராத, ஆபத்துக் குறைவாக உள்ள பலருக்கு அந்த மாத்திரையால் கிடைக்கும் நன்மை மிகச் சிறியது என்றாள். அடுத்து, “ஆனா ஏற்கெனவே ஹார்ட் அட்டாக் வந்தவங்க, ஸ்டென்ட் வச்சவங்க, டாக்டரைக் கேக்காம இதை நிறுத்தவே கூடாது” என்று அவள் சொல்லும்போது ஒரு விமானம் வீட்டைத் தொடுவதுபோல் இரைந்துகொண்டு போனது. முழுப்பகுதியில் அந்த இரைச்சலோடே அதை விட்டுவைத்தார்கள், உற்றுக் கேட்டால் புரியும். துண்டை ஜெபின் விமானத்துக்கு முன்னாலேயே வெட்டிவிட்டான். ‘பலருக்கு இந்த மாத்திரை தேவையே இல்லை’ என்று மஞ்சள் எழுத்தில் போட்டான்.

மறுநாள் காலையில் கல்லூரிப் பேருந்தில் அவள் அதைப் பார்த்தாள். உடனே போன் செய்தாள்.

“பின்பாதி இல்லையே, ஜெபின்?”

“முழுசுக்கு லிங்க் போட்டிருக்கேனே. அந்தச் சத்தத்த எப்படிப் போட முடியும்?”

“திரும்பப் பேசித் தரேன், சாயங்காலம் மாத்திடலாமா?”

சாயங்காலத்துக்குள் அது எங்கேயோ போய்விட்டது. அவர்கள் போட்ட எந்தத் துண்டும் அவ்வளவு தூரம் ஓடியதில்லை. யார் யாரோ எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள், ஒருவர் பின்னணியில் இசைகூடச் சேர்த்திருந்தார். ஜெபின் வாசலிலேயே நின்று அவளைக் கட்டிக்கொண்டான். மாற்றுவது பற்றி அன்று அவளும் பேசவில்லை, அதற்கப்புறமும் பேசவில்லை.

சில வாரங்கள் கழித்து, அவள் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது பொன்னுரங்கம் மாடிப்படிக்கடியில் நிறுத்தினார்.

“டாக்டரம்மா, நீ சொன்னா மாதிரியே செஞ்சுட்டேன். இப்போ உடம்பு லேசா கீது. காலு வலிகூட இல்ல.”

என்ன சொன்னோம் என்று அவள் யோசிக்கவில்லை. நடைப்பயிற்சி பற்றி நிறையப் பேசியிருக்கிறாள், அதுவாக இருக்கும் என்று நினைத்தாள். “ரொம்ப நல்லது, அய்யா. விட்டுடாதீங்க” என்று சிரித்துவிட்டு ஓடினாள்.

சர்ச்சிலிருந்து திரும்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருமுனையில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. பொன்னுரங்கத்தை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது. அவளைப் பார்த்ததும் ஏதோ சொல்ல முயன்றார், சத்தம் மட்டும்தான் வந்தது.

உயிர் தப்பியது. பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு போய்விட்டது. பேச்சுத்தான் அந்த மனிதர் என்று தெருவுக்கே தெரியும். அவர் மனைவி சாமுண்டீஸ்வரி, ஆஸ்பத்திரி வராந்தாவில் யூனிஸின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ சொல்றதெல்லாம் கேட்டுக்கினுதாம்மா இருந்தாரு. அப்படியும் இன்னா பாவம் பண்ணோமோ” என்று அழுதாள்.

அவர்கள் மகள் கோகிலவாணி குரோம்பேட்டையில் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒருநாள் அவள் மொட்டைமாடிக்கு ஏறி வந்தாள். யூனிஸ் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஒண்ணு சொல்லணும். அப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சிருந்தது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதும்மா.”

“நீங்க இங்க குடிவர்றதுக்கு முன்னாடி வச்சது. வெளிய சொன்னா ஜனங்க நோயாளின்னு நினைப்பாங்கன்னு யாருகிட்டயும் சொல்ல விடமாட்டாரு. ரெண்டும் ஒண்ணுதான்னு நினைச்சாரோ என்னவோ, கொலஸ்ட்ரால் மாத்திரை, ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை ரெண்டையும் நிறுத்தியிருக்காரு. பீரோவுல அட்டை அட்டையா பிரிக்காம கிடந்துச்சு. அவர் போன்ல உங்க வீடியோவ சேவ் பண்ணி வச்சிருக்காரு. அந்த சின்ன வீடியோ.”

யூனிஸ் கையிலிருந்த துணியைக் கொடியிலேயே மறுபடி போட்டாள்.

“சண்டை போட வரல, அக்கா. முழு வீடியோவையும் நான் தேடிக் கேட்டேன். நீங்க சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. அப்பா அதக் கேக்கல. அம்மாவுக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். உங்க மேல எனக்குக் கோவம்கூட வரமாட்டேங்குது.” கோகிலவாணி படிவரை போய்த் திரும்பினாள். “கோவம் வந்தா நல்லா இருக்கும்னு தோணுது.”

அவள் இறங்கிப் போனபிறகு யூனிஸுக்கு அந்தக் காலை நேரம் நினைவுக்கு வந்தது. ‘நீ சொன்னா மாதிரியே செஞ்சுட்டேன்.’ ‘ரொம்ப நல்லது, அய்யா. விட்டுடாதீங்க.’ ஒரே வீட்டின் கீழே இருந்துகொண்டு அவர் ஏன் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று கோபம் வந்தது. அவர் ஏன் கேட்க வேண்டும்? அவள் வாயால் சொன்னதைத்தான் கேட்டுவிட்டாரே. அதற்கு மேலும் வந்து சொல்லிவிட்டுத்தானே போனார்!

ஜெபினிடம் சொன்னபோது அவன் முகம் வெளிறியது. “யூனிஸ், அவருக்கு சுகர் இருக்கு. பீடி குடிச்ச உடம்பு. மாத்திரை போட்டிருந்தாலும் வந்திருக்கலாம். ஒருத்தருக்கு நடந்தத வச்சு எதையும் நிரூபிக்க முடியாதுன்னு நீதானே சொல்லுவ?”

ஆமாம், அவளேதான் சொல்லுவாள். பகுதிக்குப் பகுதி சொல்லியிருக்கிறாள். பொன்னுரங்கம் என்ற ஒரு மனிதருக்கு எதனால் வந்தது என்று எந்த ஆய்வாலும் சொல்ல முடியாது. ஜெபின் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. அந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டு அவள் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம், முடியவில்லை. அவனும் தூங்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவர்களுக்குள் பேச்சு, கேஸ் தீர்ந்தது, பால் வாங்கணும் என்ற அளவுக்குச் சுருங்கிப்போனது.

திருத்தம் சொல்லி ஒரு வீடியோ போட்டாள். பெயர் சொல்லாமல், நடந்ததைச் சொல்லி, டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று கை கூப்பிக் கேட்டாள். பழைய துண்டைப் பார்த்தவர்களில் கைப்பிடி அளவுகூட அதைப் பார்க்கவில்லை. பார்த்தவர்களில் சிலர், மருந்துக் கம்பெனிக்கு விலைபோய்விட்டாயா என்று எழுதினார்கள். அவளும் ஜெபினும் பழைய துண்டைத் தங்கள் பக்கத்திலிருந்து நீக்கினார்கள். மற்றவர்கள் போட்டது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

“எல்லாத்தையும் மூடிடலாம், ஜெபின்.”

“மூடினா முழுசா இருக்கிறதுதான் போகும். அந்தத் துண்டு வெளிய இருந்துகிட்டேதான் இருக்கும்.”

அவள் அதை மறுபடி மறுபடி யோசித்துப் பார்த்தாள். தப்பிக்க ஒரு வழியும் தெரியவில்லை. வாராவாரம் உட்கார்ந்து பேசினாள். கேட்பவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். கீழே சாமுண்டீஸ்வரி இன்னும் மோட்டாரை நிறுத்தினாள், மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் மேலே கொடுத்தனுப்பினாள். ஒவ்வொரு கிண்ணத்தையும் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போகும்போது கட்டிலில் கிடந்த பொன்னுரங்கம் அவளைப் பார்த்து இடதுகையைத் தூக்குவார். அவர் காதருகே போனில் அவள் குரல் ஓடிக்கொண்டிருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக் கடைகளில் அவள் கூட்டத்தோடு நடந்துகொண்டிருந்தபோது ஒரு பெண் கையைப் பிடித்தாள். அனகாபுத்தூராம். கண்ணெல்லாம் சிரிப்பு.

“மேடம், நீங்கதானே? ஐயோ, என் வூட்டுக்காரர் உங்க ஃபேன். ஹார்ட் ஆபரேசன் பண்ணவரு. உங்க வீடியோ பாத்துட்டு அந்தக் கொழுப்பு மாத்திரைய நிறுத்திட்டாரு. இப்போ ஜம்முனு கீறாரு.”

யூனிஸ் அவள் கையை இறுகப் பிடித்தாள். “அம்மா, அவர் நிறுத்தவே கூடாது. இன்னைக்கே டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க. நான் அப்படிச் சொல்லல. பாதிதான் வந்துச்சு அதுல.”

“சரிங்க மேடம், சொல்றேன்” என்றாள் அந்தப் பெண், சிரிப்பு மாறாமல்.

அது அவளுக்குள் இறங்கவில்லை என்று யூனிஸுக்குத் தெரிந்தது. “போன் போடுங்க. நானே பேசுறேன்.”

அந்தப் பெண் போட்டுக் கொடுத்தாள். சுற்றிலும் ஒலிபெருக்கி, ஹார்ன், பேரம்.

“சார், நான் யூனிஸ் பேசுறேன். ‘சான்று என்ன’ யூனிஸ். நீங்க அந்த மாத்திரைய நிறுத்தக்கூடாது சார். தயவுசெஞ்சு…”

“யாரும்மா நீ? எங்க அவ?”

“பக்கத்துலதான் இருக்காங்க. நான்தான் சார் யூனிஸ்.”

“இன்னா, கலாய்க்கிறியா? அந்த மேடம் வாய்ஸ் எனக்குத் தெரியாது? தெனம் கேக்குறேன். அது பொறுமையா பேசும், உன்ன மாதிரி கத்தாது. போன வை.”

மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. அந்தப் பெண் போனை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

“வுடுங்க மேடம். அவரு அப்படித்தான், யார் சொன்னாலும் கேக்க மாட்டாரு. ஒரு போட்டோ எடுத்துக்கவா?”

யூனிஸ் பதில் சொல்வதற்குள் அந்தப் பெண் தோளோடு தோள் ஒட்டி நின்று போனை உயர்த்தினாள். எடுத்துவிட்டு, உடனே கணவனுக்கு அனுப்பினாள். கூட்டம் இருவரையும் பிரித்துத் தள்ளியது. அந்தப் பெண் கையசைத்துவிட்டுப் பூக்கடைப் பக்கம் மறைந்துபோனாள். அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை என்பது யூனிஸுக்கு அப்போதுதான் உறைத்தது.