‘மித்ரான்னு சொல்லு!’

போன வியாழக்கிழமை காலை எழுந்தபோது எனக்குக் குரல் இல்லை. காபி கேட்கலாம் என்று வாயைத் திறந்தால், சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம் வந்தது.

மனைவி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். டாக்டரிடம் போகலாமா என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

“எத்தனை நாளைக்கு இப்படி இருக்கும்?” என்று கேட்டாள். ஆவலாக.

நான் எவ்வளவு பேசுகிறவன் என்பது இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். படிக்காதவர்களுக்கும் தெரியும் – திருவொற்றியூரில் எங்கள் தெருவில் குடியிருந்தால் போதும்.

சரி, குரல் எங்கே போனது? பள்ளிக்கூடம் தேடிப் போனது. எனக்கல்ல... என் தங்கை மகள் மித்ராவுக்கு. வயது நான்கு.

தங்கை கலை கல்யாணம் ஆனதும் நார்வேக்குப் போனவள். இப்போது மாப்பிள்ளைக்கு எண்ணூர் பக்கம் துறைமுகத்தில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு திரும்பி வந்திருக்கிறார்கள். ‘திரும்பி’ என்பது அவர்கள் இரண்டு பேரின் கணக்கு. மித்ரா பிறந்தது அங்கே. அவளைப் பொறுத்தவரை அவள் ஃபாரின் வந்திருக்கிறாள். திருவொற்றியூர் என்கிற ஃபாரினுக்கு.

ஃபாரின் போகிற நம் பிள்ளைகளுக்கு ஊறுகாய் பாட்டிலோடு ஆயிரம் அட்வைஸ் கொடுத்து அனுப்புகிறோம். இங்கே வருகிற பிள்ளைக்கு யாராவது ஏதாவது சொல்கிறோமா? இந்த ஊரில் ரகசியம் பேசுவதென்றாலும் கன்டெய்னர் லாரியைத் தாண்டிக் கேட்கிற மாதிரிதான் பேசியாக வேண்டும் என்று யாரும் அவளிடம் சொல்லி வைக்கவில்லை.

வந்த புதிதில் மீன் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் கிசுகிசுத்தாள்.

“மாமா, ஏன் எல்லாரும் சண்டை போடறாங்க?”

“சண்டை இல்லடா. வஞ்சிரம் என்ன விலைன்னு கேக்கறாங்க.”

“அப்ப சண்டை வந்தா?”

“அப்பதான் கொஞ்சம் அமைதியா இருக்கும்.”

வீட்டுக்குள் இப்படி நன்றாகவே பேசுவாள். வெளியாள் நிழல் தெரிந்தால் போதும், அம்மாவின் துப்பட்டாவுக்குள் குடிபோய்விடுவாள். நார்வேயில் இதை யாரும் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லையாம். “அங்க பாதிப் பேர் இப்படித்தான் அண்ணா... பெரியவங்களும்” என்றாள் கலை. மழைக்கோட்டை மாட்டிப் பிள்ளைகளைச் சேற்றில் விட்டுவிடுவார்களாம். அதுதான் மழலையர் பள்ளி. சேறு யாரையும் பேர் கேட்பதில்லை.

இங்கே? பேசாத பிள்ளை என்றால் தெருவே வைத்தியம் பார்க்க ஆரம்பித்துவிடும். மாடி வீட்டம்மா, “ஸ்கேன் எடுத்தீங்களா?” என்று கேட்டார். கூச்சத்துக்கு எங்கே ஸ்கேன் எடுப்பது என்று தெரியாததால் நாங்கள் எடுக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான், வெங்காயம் நறுக்கிக்கொண்டே கலை சொன்னாள். “ஸ்கூல் இவளுக்கு ஒத்து வரலேன்னா கிளம்பிடுவோம் அண்ணா. அவரோட பழைய ஆபீஸ்ல இன்னும் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காங்க.”

“போ, போய்ப் பனி அள்ளு” என்று சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. வீட்டு வாசலில் என் செருப்பின் மேல்தான் மித்ரா தன் செருப்பைக் கழற்றிப் போடுவாள். தினமும் அதைத் திட்டிக்கொண்டே தள்ளிவிட்டுத்தான் வெளியே போகிறேன். தள்ள ஒன்றுமே இல்லாமல் போனால்?

ஆகவே பள்ளி தேடும் பொறுப்பைத் தாய்மாமன் என்ற முறையில் நானே ஏற்றுக்கொண்டேன். வாகனம், என் பள்ளித் தோழன் மோகனின் ஆட்டோ. அதில் ஹாரன் இருக்கிறது. ஆனால் தெருமுனையில் நின்று “ஏகாம்பரம்!” என்று அவன் ஒரு குரல் கொடுத்தால் போதும் என்பதால் ஹாரனுக்கு வேலை கிடையாது.

“இன்னா மாமு, கொயந்த பேச மாட்டேங்குதா? வுடு. எங்க வூட்ல ஒண்ணு கீது. எப்ப வாய மூடும்னு எல்லாரும் காத்துகினு கீறோம்” என்று ஆறுதல் சொன்னான். பிறகு பின்னால் திரும்பி, “உன் பேரு இன்னா கண்ணு?”

“மித்ரான்னு சொல்லு” என்றாள் கலை.

“மித்ரான்னு சொல்லும்மா” என்றேன் நான்.

“மித்ராவா! சோக்கா கீது பேரு” என்று திருப்தியாக வண்டியைக் கிளப்பினான் மோகன். மித்ரா வாயே திறக்கவில்லை என்பதை எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை.

முதல் பள்ளி, காலடிப்பேட்டைப் பக்கம். ஒரு மூன்று மாடி வீடு. பெயரில் ‘இன்டர்நேஷனல்’ இருந்தது. ரோபோட்டிக்ஸ், அபாகஸ், குதிரையேற்றம் எல்லாம் உண்டு என்று போர்டு சொன்னது. குதிரையைக் கேட்டேன். “அது அடுத்த கல்வியாண்டு சார்” என்றார் கோ-ஆர்டினேட்டர். குதிரைக்கும் அட்மிஷன் ஆகவில்லை போல.

பிறகு மித்ராவிடம் இங்கிலீஷில் பேர் கேட்டார்.

“மித்ரான்னு சொல்லு” என்றோம், நானும் கலையும் ஒரே குரலில்.

மித்ரா எங்களைப் பார்த்தாள். கோ-ஆர்டினேட்டரைப் பார்த்தாள். துப்பட்டாவுக்குள் போனாள்.

“பழகினா நல்லாப் பேசுவா மேடம்” என்றாள் கலை, பெருமூச்சோடு.

“சைல்டு இன்டராக்டிவ்வா இல்லையே... எங்ககிட்டயே ஸ்டேஜ் கான்ஃபிடன்ஸ் கோர்ஸ் இருக்கு. முதல்ல அதுல சேர்த்துட்டு அப்புறம் வாங்க.”

நான்கு வயதில் எதற்கு ஸ்டேஜ்? இந்தப் பிள்ளைகள் எல்.கே.ஜி. படிக்கப் போகிறார்களா, தேர்தலில் நிற்கப் போகிறார்களா?

இரண்டாவது பள்ளி எர்ணாவூரில். லாரிகள் வரிசை கட்டி உறுமுகிற சாலையை ஒட்டி இருந்ததால் டீச்சர் மைக்கில் பாடம் நடத்தினார். பிள்ளைகள் அந்த மைக்கைத் தோற்கடித்துக்கொண்டிருந்தார்கள். மித்ரா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். தாளாளர் எதிரே உட்கார்ந்திருந்தாலும் நாங்கள் கடலில் இரண்டு படகில் இருப்பவர்களைப்போல் கத்திக்கொண்டோம்.

“பேரு என்னா?”

“மித்ரான்னு சொல்லு!”

“என்னா?”

“மித்ரான்னு... சொல்லு!”

“சொல்லுவா?”

என் குரல் போனது அங்கேதான். திரும்பும் வழியில் ஆட்டோவில் கலை மொபைலில் விமான டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மறைக்கவில்லை. நான்தான் பார்க்காத மாதிரி எண்ணூர்க் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது, ராயபுரத்தில் ஒரு பழைய பள்ளி. மறுநாள், அதாவது நான் குரல் இல்லாமல் எழுந்த வியாழக்கிழமை. குதிரை இல்லை, மைக் இல்லை. போர்டில் பெயிண்டும் அவ்வளவாக இல்லை. மித்ராவின் பிறப்புச் சான்றிதழுக்கு ஜெராக்ஸ் வேண்டும் என்றார்கள். எடுத்துவர எதிர்க்கடைக்கு ஓடினாள் கலை. தலைமையாசிரியை முன்னால் நானும் மித்ராவும் மட்டும்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே, “பேரென்னம்மா?” என்றார்.

பழக்கதோஷம்... வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

மித்ரா என் வாயையே பார்த்தாள். வசனம் மறந்த நாடக நடிகர், திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுப்பவரைப் பார்ப்பாரே, அந்த மாதிரி. எடுத்துக்கொடுப்பவருக்கு அன்று லீவு. தலைமையாசிரியையும் இன்னொரு முறை கேட்கவில்லை. டீ கொதித்துக்கொண்டிருந்தது, அதை ஊதுவதில் மும்முரமாக இருந்தார்.

இந்தக் குழந்தையிடம் பேர் கேட்ட பிறகு, அதைச் சொல்ல முதன்முதலாக ஒரு இடைவெளி விட்டது அந்த டீதான்.

“மித்ரா.”

சின்னக் குரல். ஆனால் முழுப் பேர்.

“இவரு யாரு?”

“மாமா.”

தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். “சார், உங்க பேரு?”

நான் தொண்டையைக் காட்டினேன். கையை ஆட்டினேன். அவருக்குப் புரியவில்லை. மித்ரா என் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள்.

“ஏகாம்பரம்னு சொல்லு மாமா.”

முடிந்தால் சொல்லமாட்டேனா? அசடு வழியச் சிரித்துவிட்டுத் தரையைப் பார்த்தேன்.

“என்ன, சாருக்கு ரொம்பக் கூச்சமோ?”

மித்ரா ஒரு பெருமூச்சு விட்டாள்.

“பழகினா நல்லாப் பேசுவாரு மேடம்.”

ஜெராக்ஸோடு வாசலில் வந்து நின்ற கலை அப்படியே நின்றாள். துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள் – சிரிப்பா, வேறு ஏதாவதா என்று சொல்லத் தெரியவில்லை.

இடம் கிடைத்தது. ஆட்டோவில் ஏறியதும் மாப்பிள்ளைக்கு போன் போட்டாள். “ஏங்க, அந்த ஆபீஸ்காரங்க இன்னொரு தடவை கூப்பிட்டா வரலேன்னு சொல்லிடுங்க.”

மோகன் திரும்பி, “இன்னா மாமு, ஒண்ணும் பேசாம வர்றே?” என்றான். எனக்காக மித்ரா பதில் சொன்னாள். அடுத்து அவன் கேட்ட கேள்விக்கும்.

குரல் ஞாயிற்றுக்கிழமையே திரும்பிவிட்டது. மித்ரா பக்கத்தில் இருக்கும்போது மட்டும் இன்னும் சரியாகவில்லை.