டிரைவரண்ணன் முக்கு

ராஸ் அல் கைமாவிலிருந்து துபாய்வரை இன்று என் பெயர் எழுதிய லாரிகள் ஓடுகின்றன. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். முப்பத்திரண்டுதான் ஆகிறது, ஆனாலும் கம்பெனிப் பையன்கள் என்னைப் பெரியவர் என்கிறார்கள், நானும் தடுப்பதில்லை. எதற்கும் அஞ்சாதவன் என்று வெளியே பேச்சு. அப்படிப்பட்ட நானும் ஒரு வெள்ளிக்கிழமை பயத்தில் செருப்பை உதறிவிட்டு ஓடியிருக்கிறேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். எனக்கு ஒன்பது வயது. சிமெண்ட் ஃபேக்டரியில் பிரஸ்ஸல்ஸ்காரர் ஒருவருக்கு அப்பா டிரைவர். அந்த வெள்ளைக்காரர் தன் ஊர்த் தெருக்களைப் பற்றிச் சொன்னதையெல்லாம் அப்பா சாப்பாட்டின்போது எடுத்து விடுவார். அங்கே வெண்ணெய்த் தெரு உண்டாம். வெண்ணெய் விற்ற காலம் போய்விட்டது. கசாப்புக்காரர் தெருவில் இப்போது சாப்பாட்டுக் கடைகள்தானாம்.

"ஆளு போயிருவான்லே, பேரு மட்டும் தெருவுல நிக்கும்."

"பேசாம சோத்தத் தின்னுங்க" என்று அம்மா அதட்டினாள். அந்த வருஷம் அவள் எதற்கெடுத்தாலும் அதட்டினாள். அதே ஃபேக்டரியில் வெல்டராக இருந்த சித்தப்பா, என்னிடம்கூடச் சொல்லாமல் லீவில் ஊருக்குப் போயிருந்தார்.

எங்கள் பக்கத்துச் சாலைகளுக்குப் பலகை கிடையாது. கேம்ப்பில் தங்கிய தொழிலாளிகள் வைத்ததுதான் பெயர். அந்த வெள்ளிக்கிழமை மலையாளி கடையில் குப்பூஸ் ரொட்டி வாங்க நின்றபோது, பக்கத்தில் ஒருவர் போனில் சொன்னார்: "டிரைவரண்ணன் முக்குக்கு வந்துரு."

டிரைவரண்ணன் என்றால் அப்பா ஒருவர்தான். காலையில் போனவர் இன்னும் திரும்பவில்லை. பெயர் ரோட்டுக்கு வந்துவிட்டது என்றால் ஆள்?

தார் சுட, லாரிகள் ஹாரன் அடிக்க, ரோடு திரும்பும் ஒவ்வொரு முக்காக ஓடினேன். எந்த மூட்டையைப் பார்த்தாலும் அப்பா விழுந்து கிடப்பதுபோல் இருந்தது.

குவாரி வளைவில் அப்பா உயிரோடு நின்றார். சிவப்புத் துணியை ஆட்டி லாரிகளை நிறுத்தி, கேம்ப் ஆட்களைக் கடக்க விட்டுக்கொண்டிருந்தார். காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"ஏலே, என்னலே ஆச்சு?"

"ஒங்க பேர ரோட்டுக்கு வச்சுட்டாங்க."

கடந்துபோன ஒருவர் சிரித்தார். "லீவு நாளெல்லாம் இங்கயே நின்னா வேற என்ன பேரு வைக்கது தம்பி? முந்தி இத வெல்டர் முக்குன்னோம். அன்னிக்கு அந்த லாரி அவர..."

அப்பா பார்த்த பார்வையில் அவர் பேச்சும் சிரிப்பும் நின்றன.

எனக்கோ நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. வீட்டுக்கு ஓடினேன். "ஒரே முக்குக்கு நம்ம வீட்டாளு ரெண்டு பேரு பேரும்மா. மொதல்ல சித்தப்பா, இப்ப அப்பா."

அம்மா கரண்டியை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"சித்தப்பா லீவு முடிஞ்சு வந்ததும் நாந்தான் சொல்லுவேன்" என்றேன்.