லின்னைவிடச் சூடாக

மாதவிடாய் வலி வந்தால் என் மகள் என்னைத் தேடுவதில்லை. இத்தாலியின் பலெர்மோ நகரில் எங்கள் வீட்டுக்குக் கீழே துணிக்கடை வைத்திருக்கும் சீனப் பெண் லின்னைத்தான் தேடுவாள். லின் இஞ்சியும் கரும்புச் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சிக் கொடுப்பாள். வறுத்த கல்லுப்பைத் துணியில் கட்டி அடிவயிற்றில் ஒத்தடம் வைப்பாள்.

“இஞ்சி எங்கடை வீட்டிலையும் கிடக்கு,” என்றேன்.

“ஓம் அம்மா. நீங்கள் அதோடை புத்திமதியும் சேர்த்தெல்லோ காய்ச்சுவியள்.”

இவ்வளவு புத்தகம் படித்த எனக்கு உப்பு வறுக்கத் தெரியாதா? அடுத்த மாதம் அவளைக் கீழே போகவிடவில்லை. உப்பைப் படபடவென்று வெடிக்கும்வரை வறுத்து, காலுறையில் கொட்டி, அப்படியே வயிற்றில் வைத்தேன். மகள் அலறினாள். தோல் சிவந்து கொப்புளித்துவிட்டது. குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே அழுதேன்.

அலறல் கேட்டு ஓடிவந்த லின், “முதலில் உன் கையில் வைத்துப் பார்க்கவில்லையா?” என்று இத்தாலிய மொழியில் கேட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான் செய்வாளாம். உப்பு மூட்டையின் மேல் துவாய்த் துண்டும் சுற்றுவாளாம்.

இப்போது நானும் என் கையில் சூடு பார்த்து, துவாய் சுற்றித்தான் வைக்கிறேன். இஞ்சிக் கஷாயத்துக்கு மகளோடு நானும் கீழே போகிறேன். எனக்கும் ஒரு கோப்பை கிடைக்கிறது. நன்றாக இருக்கிறது என்பதை லின்னிடம் இன்னும் சொல்லவில்லை.