இரண்டாம் இலக்கத்தின் சத்தம்

ஒரு தரம் அடித்துவிட்டு நிற்க வேண்டிய தொலைபேசி அன்று நிற்கவில்லை. திரையில் ஹில்டா அக்காவின் இலக்கம். நான் வழக்கம்போல அடுப்பைத் தணித்துவிட்டுச் சாமியறை வாசலில் உட்காரப் போய்விட்டேன். நாலாம் தரமும் அடித்தபோதுதான் திரும்பி ஓடிவந்தேன். எடுத்தேன். பேசியது ஆங்கே என்னும் அவருடைய தம்பி மகள். "மாமி காலமை எழும்பேல்லை," என்றார். நித்திரையிலேயே போய்விட்டார்.

இங்கே ஜேர்மனியில், ஹம் நகரில் எங்கள் கோயிலுக்கு வரும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தேர்த் திருவிழாவில் பச்சைத் தொப்பியோடு அன்னதான வரிசையில் நின்று, "இன்னும் கொஞ்சம் உறைப்பு" என்று தமிழில் கேட்டுச் சிரிக்கவைத்த அந்த ஜேர்மன் மனுசிதான். எங்கள் பேச்செல்லாம் ஜேர்மன் மொழியில்தான் நடந்தது. ஆனால் எழுத உட்கார்ந்தால் அவர் எனக்கு எங்கள் ஊர்த் தமிழிலேயே பேசுகிறார். அப்படியே எழுதுகிறேன்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்து மாடிவீட்டில் பல வருடம் இருந்துவிட்டு, ஊர் ஓரத்தில் இந்த வீட்டை வாங்கினோம். சாமிக்கென்று தனி அறை, அதில் கிழக்குப் பார்த்த ஒரு யன்னல். அந்த யன்னலுக்காகவே நான் சம்மதித்தேன். பின்னால் சோளவயல், அதற்கப்பால் காடு, காட்டோரத்தில் மரத்தால் அடித்த வேட்டைப் பரண். வயலை உழுதுபோடும் காட்டுப்பன்றிகளைச் சுடும் பொறுப்பு அடுத்த வீட்டு ஹில்டா அக்காவுடையது. புருஷன் இறந்த பிறகும் துவக்கை அவர் கீழே வைக்கவில்லை.

குடிவந்த முதல் இலையுதிர் காலத்தில், பொழுதுபடும் நேரம், ஒரு வெடி கேட்டது. அடுத்த கணம் நான் குசினி மேசைக்குக் கீழே இருந்தேன். எப்படிப் போனேன் என்று இன்றும் தெரியாது. வேட்டை என்பது மூளைக்குத் தெரியும். ஆனால் வெடி கேட்டால் முதலில் நிலம், பிறகுதான் யோசனை என்று ஊரில் யுத்தத்தில் பழகிய உடம்பு இது. பால் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது. எழும்ப முடியவில்லை.

அரைமணி நேரத்தில் ஹில்டா அக்கா முட்டையோடு தோட்டக் கதவால் வந்தார். என்னைக் கண்டார். ஒன்றும் கேட்காமல் அடுப்பை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றிவிட்டு, முழங்காலைப் பிடித்துப் பிடித்து என் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார்.

"நான் சுட்டதோ?"

"ஓம், நீங்கள்தான்."

"எத்தினை வருசமா இப்பிடி?"

"முப்பதுக்கு மேலை."

என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரி, இப்ப எழும்புவம். ஆனா என்னை ஆர் தூக்குறது?" என்றார். கடைசியில் இரண்டு பேரும் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினோம்.

என் கணவர் அன்றே சொல்லிவிட்டார்: "வித்துப்போட்டு ஸ்டேஷனடிக்கே போவம். உனக்கு இந்த இடம் ஏலாது." நான் சாமியறை யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேலை முடிந்து ரயில் ஏறியதும் ஒரு தரம் அடித்துவிட்டு வெட்டிவிடுவது என் கணவரின் பழக்கம். எடுக்கத் தேவையில்லை, செய்தி அவ்வளவுதான். இதை ஒருநாள் ஹில்டா அக்காவுக்குச் சொன்னேன். அன்றிலிருந்து பரணில் ஏறுவதற்கு முதல் அவரும் ஒரு மிஸ் கோல் தருவார். நான் அடுப்பைத் தணித்துவிட்டுச் சாமியறை வாசலில் உட்கார்ந்து பதிகம் சொல்லிக்கொண்டிருப்பேன். வரப்போவது தெரிந்திருப்பது பெரிய உதவிதான். ஆனாலும் உடம்பு துள்ளியது. கணவர் வீடு விற்கும் தரகரைச் சந்திக்க நாள் குறித்து டெர்மின் எடுத்துவிட்டார்.

அந்த வாரம்தான் ஹில்டா அக்கா வேலிக்கு மேலால் கேட்டார்: "மலர், உன்ரை காது நல்லதோ?"

வேட்டைக்காரர் துவக்குக்கு ஒலித்தணிப்பான் பூட்டலாம் என்று சட்டம் மாறியிருந்தது. தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். "எனக்கில்லை, புருனோவுக்கு. நாயின்ரை காது பாவம்." தன் இரண்டு காதிலும் இருந்த கருவிகளைத் தொட்டுக் காட்டினார். "எனக்கு எல்லாம் ஒரே சத்தமாத்தான் கேக்கும். நீ வந்து கேட்டுச் சொல்லு."

என் மச்சாள் விழுந்து விழுந்து சிரித்தார். "மச்சம் தொடாத மரக்கறிக்காரி துவக்குக்குச் சாமான் பாக்கப் போறாவாம்!"

"நான் சுடப் போகேல்லை, கேக்கத்தான் போறன்," என்றேன்.

எதையும் கொப்பியில் எழுதிவைப்பது என் பழக்கம். விரத நாளும் அதில் இருக்கும், சுடுதண்ணி பொயிலரைத் துப்புரவாக்கிய நாளும் இருக்கும். துவக்குக் கடைக்காரர் அனுப்பிய மூன்று தணிப்பான்களின் விளக்கத் தாள்களையும் அகராதி வைத்து வாசித்தேன். ஒரு பக்கத்தில் கோடு போட்டு நீளம், பாரம், துவக்கின் காலிபருக்குச் சரியா, குழல் முனையின் மரைக்குப் பொருந்துமா, எப்படிக் காயவைப்பது என்று நிரப்பினேன். கடைசிப் பத்தியை மட்டும் வெறுமையாக விட்டேன். அது சத்தத்துக்கு.

கடைக்காரர் சுடும் திடலில் காத்திருந்தார். கொப்பியைக் கண்டு, "இங்கை வாற வேட்டைக்காரர் ஒருத்தரும் இவ்வளவு வாசிக்கிறேல்லை," என்றார். ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிட்டார்: "எதைப் பூட்டினாலும் சத்தம் இல்லாமல் போகாது அம்மா. குழல் வாயிலை வாற வெடி குறையும். குண்டு காத்தைக் கிழிக்கிற சத்தம் இருக்கும். பூட்டின பிறகு குறியையும் திரும்பப் பாத்துச் சரிப்படுத்த வேணும்."

நான் பக்கத்தில் நிற்கப் போனேன். ஹில்டா அக்கா விடவில்லை. திடலின் பின்பக்கப் பாதையால் என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். கோயில் வீதி சுற்றும் பழக்கத்தில் நான் அடி எண்ணினேன். அவருடைய உதடும் அசைந்தது. ஒரு பேர்ச் மரத்தடியில் நின்றார். "இங்கை நில்."

"நாய் உங்கடை காலடியிலைதானே இருக்கும்? நான் ஏன் இவ்வளவு தூரத்திலை?"

"பக்கத்திலை நிண்டால் கண்ணை மூடிப்போடுவாய். பிறகு ஆர் எழுதுறது?"

முந்நூற்று எண்பது அடி என்று கொப்பியில் குறித்தேன்.

அவர் திரும்பிப் போனதும் ஒவ்வொன்றாகச் சுட்டார்கள். முதலில் தணிப்பான் இல்லாத வெறும் துவக்கு. மரத்தைக் கட்டிப்பிடித்தேன், அந்த வரியில் எழுத்தே இல்லை. ஒன்றாம் இலக்கம் கட்டை, பாரமில்லாதது: "தகரத்தட்டு விழுந்தது." இரண்டாவது, குழலுக்கு மேலால் பின்பக்கம் வரை போவது: "தூரக் கோயிலில் தேங்காய் உடைக்கிறார்கள்." மூன்றாவது எல்லாவற்றிலும் நீளம்: "பக்கத்து அறையில் அலுமாரி சாத்துகிறார்கள்." அந்த ஒன்றுக்கு மட்டும் நான் துள்ளவில்லை.

திரும்பி வந்தபோது ஹில்டா அக்கா மூன்றாவதைப் பூட்டி நின்றபடி குறிபார்த்துக்கொண்டிருந்தார். துவக்கின் மூக்குக் கீழே இழுத்தது. சத்திரசிகிச்சை செய்த இடது தோள் நடுங்கியது.

"முன்பாரம் கூட," என்றார் கடைக்காரர். "இரண்டெண்டால் பாரம் கைக்குக் கிட்ட இருக்கும். பரணுக்குள்ளை திருப்பவும் லேசு."

"பாரம் பழகும். மலர் எதைச் சொல்லுறாவோ அதுதான். எது, மலர்?"

அவர் கையைப் பார்த்தேன். கொப்பியில் மூன்றாவதுக்கு நேரே எழுதியதை வெட்டி, "இரண்டு போலவே" என்று எழுதினேன்.

"இரண்டும் மூண்டும் ஒண்டுதான் அக்கா. எனக்கு வித்தியாசம் தெரியேல்லை."

"உன்ரை காதும் என்ரை காது போலைதான்," என்று சிரித்தார். என் கையிலிருந்த பென்சிலை வாங்கி இரண்டுக்குக் கீழே கோடு போட்டார்.

தணிப்பானுக்கான பத்திரங்கள் எல்லாம் முடிந்து, சில வாரம் கழித்து ஒரு பின்னேரம் மிஸ் கோல் வந்தது. காத்திருந்தேன். தூரத்தில் தேங்காய் உடைந்தது. உடம்பு துள்ளியது உண்மை. ஆனால் நிலத்துக்குப் போகவில்லை. கை கதவு நிலையைப் பிடித்தது, அவ்வளவுதான். அடுத்த முறை அதுவும் இல்லை. கணவர் தரகரின் டெர்மினை வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

ஹில்டா அக்காவிடம் நான் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தேன். சுட்டபின் தணிப்பானுக்குள் ஈரம் தங்கும், கழற்றாவிட்டால் குழலில் கறள் பிடிக்கும் என்று தாளில் இருந்தது. "நனைஞ்ச பிரஷர் குக்கரை மூடிவைப்பமோ அக்கா?" என்று கேட்டேன். அன்றிலிருந்து அதைக் கழற்றி மேசையில் நிமிர்த்திவைத்து, காயும்வரை பக்கத்திலேயே பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் அலுமாரியில் பூட்டுவார். "மலரின்ரை குக்கர் காயுது," என்பார்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஆங்கே பரணைப் பார்க்கக் கூப்பிட்டார். இத்தனை வருடத்தில் நான் அங்கே போனதில்லை. குசினிக் கதவிலிருந்து வயல் ஓரமாக நடந்தேன். கால் தானாக எண்ணியது. ஏணியில் கை வைத்தபோது முந்நூற்று எண்பத்திரண்டு.

"என்ன எண்ணுறீங்கள்?" என்றார் ஆங்கே.

திரும்பி என் குசினிக் கதவைப் பார்த்தேன். அந்தப் பேர்ச் மரத்தடியில் அவர் உதடு எதை எண்ணியது என்று அப்போதுதான் விளங்கியது. நாய்க்காகவாம்.

துவக்கும் தணிப்பானும் ஆங்கேயின் பெயருக்கு மாறுகின்றன. அவரும் அனுமதிப்பத்திரம் உள்ள வேட்டைக்காரிதான். மாமியின் பொருளில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். "ஒண்டும் வேண்டாம். ஏணியிலை ஏற முதல் ஒருக்கா அடிச்சுப்போட்டு வெட்டுங்கோ," என்றேன்.

அதனால் என்னிடம் ஹில்டா அக்காவின் பொருள் எதுவும் இல்லை. அவர் பென்சிலால் கோடு போட்ட ஒரு பக்கம் இருக்கிறது. அதில் மூன்றாம் இலக்கத்தின் வரி பொய். என் கொப்பியில் பிழை கண்டால் அன்றே திருத்திவிடுவேன். அதை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.