தருமபுரியில் கோதுமை இல்லாமல் நான்கு நாள்

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் கரூரில் பஸ் ஏறினோம். நான், என் மகள் யாழினி, இரண்டு பெட்டி, ஒரு எவர்சில்வர் தூக்கு நிறையப் புளிசாதம். தூக்கைப் பார்த்த கண்டக்டர், காலேஜில் சேரப் போகிறோமா, கல்யாணத்துக்குச் சமைக்கப் போகிறோமா என்று கேட்டார். இரண்டுக்கும் சேர்த்துத்தான் என்றேன். யாழினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். யாரிடமாவது நான் வாயைத் திறந்தாலே அவள் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள், ஜன்னல் இல்லாத இடத்தில்கூட.

புளிசாதத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். யாழினிக்கு ஒன்பது வயதில் சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாமல் எலும்பும் தோலுமாகிப் போனாள். எத்தனையோ டாக்டர் பார்த்து, கடைசியில் கோயம்புத்தூரில் ஒருவர் சீலியாக் என்று பெயர் சொன்னார். கோதுமை ஆகாது. கோதுமை என்றால் சப்பாத்தி மட்டும் அல்ல. மைதா, ரவை, சேமியா, பிஸ்கெட், எல்லாம்தான். ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் வயிற்றைப் பிசைந்து வாந்தியில் கொண்டுபோய் நிறுத்தும், குடலும் புண்ணாகும். மருந்து கிடையாது, அதைத் தின்னாமல் இருப்பதுதான் மருந்து. அன்றைக்கே எங்கள் வீட்டிலிருந்து கோதுமை வெளியேறியது. குழந்தை எதிரில் தின்ன மனசு வராமல் நானும் விட்டுவிட்டேன். இப்போது அவளுக்குப் பதினெட்டு.

கவுன்சலிங்கில் அவளுக்குத் தருமபுரியில் இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குள் சேர வேண்டும். என் கணவர் தெளிவாகச் சொல்லி அனுப்பினார்: முன்கூட்டியே போய் மூன்று நாள் வெளியில் சாப்பிட்டுப் பாருங்கள். ஒத்துவந்தால் சேரட்டும், வராவிட்டால் சீட்டை விட்டுவிட்டுத் திரும்புங்கள், இங்கேயே ஏதாவது ஒரு டிகிரி படிக்கட்டும். நியாயமான பேச்சு. ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு கள்ளத்தனம் இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் அப்பாவுக்கு வேலை தருமபுரியில். பி.காம். மூன்று வருடமும் நான் அங்கேதான் படித்தேன். என் வாழ்க்கையில் கவலையே இல்லாமல் சிரித்த மூன்று வருடம். அந்த ஊரே என் மகளுக்கும் கிடைத்திருக்கிறது, விட மனசு வருமா?

சேலத்தில் பஸ் மாறினோம். அங்கிருந்து அறுபத்தைந்து கிலோமீட்டர். தொப்பூர் மேட்டில் லாரிகளுக்குப் பின்னால் முனகிக்கொண்டே ஏறி, பதினொன்றரைக்கு இறங்கினோம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் நாளுக்குத் தொள்ளாயிரம் ரூபாய்க்கு லாட்ஜில் அறை கிடைத்தது. சாமானை வைத்துவிட்டுச் சாப்பிடக் கிளம்பினோம். புளிசாதம் ராத்திரிக்கு இருக்கட்டும், வந்த வேலையைப் பார்ப்போம் என்றேன்.

மதியம் ஒன்றேகால். நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் சுமாரான ஹோட்டல், சாப்பாடு நூறு ரூபாய். இலை போட வந்த சர்வரிடம் என் பாட்டை ஆரம்பித்தேன். ஒன்பது வருடமாகப் பாடும் பாட்டு, எனக்கே மனப்பாடம். நம்ம ஊரில் எல்லாமே அரிசிதானே, எதுக்குப் பயப்படறீங்க என்றார் அவர். சாம்பாரில் போடும் பெருங்காய டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். சமையல் மாஸ்டரே டப்பாவோடு வந்துவிட்டார். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் மைதா என்று போட்டிருந்தது. பெருங்காயத்தில் மைதாவா என்று மாஸ்டர் எங்களைவிட அதிகமாக அதிர்ச்சியடைந்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்து டப்பாவை வாங்கிப் படித்தார்கள். யாழினி இலையைப் பார்த்துக் குனிந்தவள் நிமிரவே இல்லை. வெறும் சோறும் தயிரும் மட்டும் சாப்பிட்டாள்.

மூன்று மணிக்கு டவுன் பஸ்ஸில் கல்லூரிக்குப் போனோம், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் நல்ல மாதிரி. வாரத்தில் மூன்று நாள் ராத்திரி சப்பாத்தி, மற்றபடி இட்லியும் சோறும் என்று மறைக்காமல் சொன்னார். தனியாக எடுத்து வைக்க முடியுமா என்று நான் இழுத்தேன்.

"வெச்சுக் குடுப்பாங்கம்மா. ஆனா தெனமும் பாப்பாதான் உள்ள போய்க் கேக்கணும். இருநூறு புள்ளைங்க சாப்புடற எடம், வாயத் தொறக்காதவங்களுக்கு எதுவும் நடக்காது."

நான் யாழினியைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த நேர அட்டவணையைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள். பசித்தாலும் பசிக்கிறது என்று சொல்லாத பெண். இவள் தினமும் சமையல்கட்டுக்குள் போய்க் கேட்பாளா? பெருங்காயமும் சப்பாத்தியும் எனக்குப் பெரிய பயமாகத் தெரியவில்லை. அவள் வாய்தான் பயமாக இருந்தது.

சாயங்காலம் அவளைப் பழைய இடங்களுக்கு அழைத்துக்கொண்டு நடந்தேன். பென்னாகரம் ரோட்டில் நானும் என் தோழி ஸ்டெல்லாவும் வெள்ளிக்கிழமைதோறும் புரோட்டா தின்ற கடை இப்போது செல்போன் கடையாகிவிட்டது. இரண்டு புரோட்டா வாங்கி நான்காகப் பிய்த்துக்கொள்வோம். சால்னா மட்டும் மூன்று முறை கேட்போம். நாலாவது முறை கடைக்காரர் முறைப்பார், ஸ்டெல்லா அதற்கும் சிரிப்பாள். செல்போன் கடை வாசலில் நின்று இதையெல்லாம் சொல்லும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கடைக்கு இப்படி உருகுவாயா என்று யாழினி கேலி செய்தாள். கடைக்காக யார் உருகினார்கள், அந்த வயசுக்கு உருகினேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பொம்மிடி பஸ் ஏறினோம். ஸ்டெல்லா பொம்மிடிக்குப் பக்கத்தில்தான் வாழ்க்கைப்பட்டாள். வழியெல்லாம் மரவள்ளிக் காடு. அவள் வீட்டுக்காரர் ஆரோக்கியசாமிக்கும் மூன்று ஏக்கர் மரவள்ளி. கிழங்கைப் பிடுங்கி லாரியில் சேகோ மில்லுக்கு ஏற்றுவார், ஜவ்வரிசியும் வெள்ளை மாவும் ஆக்க. பொம்மிடியில் இறங்கியதும் ஸ்டெல்லா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். இருபத்தைந்து வருடத்தில் இரண்டு பேரும் ஆளுக்குப் பதினைந்து கிலோ ஏறியிருக்கிறோம், கட்டிக்கொள்ளவே இடம் போதவில்லை.

"கோதும ஒரு பொட்டுகூட வூட்டுக்குள்ள இல்லடி வசந்தி. நீ போன்ல சொன்னதுமே டப்பாவத் தூக்கி மாட்டுக் கொட்டாயில வெச்சுட்டேன். பாப்பா பயப்படாம சாப்புடட்டும்" என்றாள்.

களி, நாட்டுக்கோழிக் குழம்பு, தனியாக வறுத்த கோழி. பெருங்காயம்கூடப் போடவில்லையாம். நாங்கள் இரண்டு பேரும் பேசிய பேச்சில் ஆரோக்கியசாமி சாப்பிட்டு எழுந்து கயிற்றுக் கட்டிலில் தூங்கியே போனார். பழைய புரோட்டாக் கடை, எங்களைப் பார்த்தாலே தடுமாறும் அக்கவுண்டன்சி வாத்தியார், மழையில் ஒரே குடையில் நனைந்தது என்று ஒன்றைத் தொட்டால் ஒன்பது வந்தது. யாழினி சத்தம் போடாமல் சாப்பிட்டாள். எனக்கு மனசு நிறைந்திருந்தது. நான்கு வருடம் இப்படி ஒரு வீடு இங்கே இருக்கிறதே, அப்புறம் என்ன?

நான்கரை பஸ்ஸில் திரும்பினோம். பாதி வழியில் யாழினி என் கையை இறுக்கிப் பிடித்தாள். முகம் வெளுத்திருந்தது. டிரைவர் நல்லவர், ஓரமாக நிறுத்தினார். ஒரு மரவள்ளிக் காட்டு ஓரத்தில் அவள் குடல் வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்தாள். லாட்ஜுக்கு வந்து சேர்வதற்குள் இன்னும் இரண்டு முறை. ஆறு மணிக்குச் சுருண்டு படுத்தவளிடம், எதில்டி இருந்தது என்று கேட்டேன்.

"கோழி மேல வெள்ளையா ஏதோ மாவு இருந்துச்சும்மா. பாத்தேன். கேக்கலாம்னுதான் நெனச்சேன். அந்த ஆன்ட்டி நமக்காக எல்லாத்தையும் வெளியில எடுத்து வெச்சாங்களே, எப்படிம்மா கேக்கறது?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கேட்க வாய் வராதவளுக்கு ஹாஸ்டல் எதற்கு, இன்ஜினியரிங் எதற்கு, நாளைக்கே மூட்டையைக் கட்டு என்று கத்தினேன். அவள் அழவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தூங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஊர் பேர் தெரியாத மாஸ்டரிடம் டப்பாவைப் பிடுங்கிப் படித்த நான், ஸ்டெல்லா வீட்டில் ஒரு கேள்வி கேட்டேனா? அந்த வெள்ளை மாவு என் கண்ணிலும் பட்டதே. பழைய கதை பேசிய மிதப்பில் என் குழந்தையின் தட்டை நான் பார்க்கவில்லை. அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

ஞாயிறு காலை அவளுக்கு ஓர் இளநீர், கொஞ்சம் கஞ்சி. வயிறு அடங்கியிருந்தது. நான் பெட்டியில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணி இருக்கும். யாழினி என் போனை எடுத்துக் கட்டிலில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டாள். ஸ்டெல்லா சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள் போல, என்னடி என்றாள். யாழினி, நான் யாழினி என்றாள்.

"ஆன்ட்டி, நேத்து கோழி மேல போட்டது என்ன மாவு?"

"மைதாதான் கண்ணு. மொறுமொறுன்னு வரும்னு ஒரு கை போட்டேன். அது கெழங்கு மாவுதான? கோதும இல்லியே?"

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பக்கத்தில் பல பேருக்கு அப்படி ஒரு நம்பிக்கை உண்டு. சேகோ மில்லிலிருந்து வெள்ளைவெளேர் என்று மாவு மூட்டை மூட்டையாகப் போகிறது, கடையில் மைதாவும் அதே வெள்ளையில் வருகிறது. எங்க காட்டுக் கிழங்குதான் போய் மைதாவாகி வருகிறது என்று சொல்வார்கள். காலேஜ் நாளில் எனக்கும் ஸ்டெல்லாதான் அப்படிச் சொல்லியிருக்கிறாள், நானும் நம்பித்தான் தின்றேன். கோதுமை டப்பாவை மாட்டுக் கொட்டகைக்கு அனுப்பியவள், மைதா டப்பாவைச் சொந்தக் காட்டு விளைச்சல் என்று உள்ளேயே வைத்திருக்கிறாள்.

மைதாவும் கோதுமைதான், தவிட்டை எடுத்துவிட்டு அரைப்பது என்று யாழினி பொறுமையாக விளக்கினாள். உனக்கு ஏதாவது ஆச்சா கண்ணு என்று ஸ்டெல்லா கேட்டாள். யாழினி ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அதுதான் அவள் வழக்கம்.

"ஆச்சு ஆன்ட்டி. வாந்தி எடுத்தேன். இப்ப பரவால்ல. அடுத்த வாட்டி நீங்க செய்யறப்ப நானும் கூட நின்னு பாக்கட்டுங்களா?"

ஸ்டெல்லா அழுதுவிட்டாள். அடுத்த வாரமே வா, நீயே வந்து ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார், வேண்டாதது எல்லாவற்றையும் தூக்கி எறி என்றாள். அடுத்த வாட்டி என்று என் மகள் சொன்னதை நான் அப்போதுதான் கவனித்தேன். மடித்த துணிகளைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்தேன்.

மாலை ஆறரைக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இன்னொரு ஹோட்டல். சர்வர் வந்தார். நான் வாயைத் திறந்தேன். நீ பேசாதம்மா என்றாள். அவள் கேட்டது முதலில் யாருக்குமே கேட்கவில்லை. சர்வர் என்னாங்க என்று குனிந்தார். மறுபடி கேட்டாள், இந்த முறை பக்கத்து மேஜை திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. சட்னியில் என்ன, தாளிப்பில் பெருங்காயம் உண்டா, இட்லி மாவில் வேறு ஏதாவது கலப்பார்களா. நடுவில் இரண்டு கேள்வியை அவள் விட்டுவிட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பிரசவத்தில்கூட அவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை. விட்ட கேள்விகளைச் சர்வர் உள்ளே போனபோது அவளே எழுந்துபோய்க் கேட்டுவிட்டு வந்தாள். இட்லி பத்து ரூபாய். தேங்காய்ச் சட்னியோடு மூன்று சாப்பிட்டாள். ராத்திரி முழுக்க விழித்திருந்து பார்த்தேன், அவள் வயிறு அமைதியாக இருந்தது.

திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சேர்த்தேன். ஹாஸ்டல் வாசலில் அவள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை, புதுப் பிள்ளைகள் பார்க்கிறார்களாம். போய் போன் பண்ணும்மா என்றாள். நான் சொல்ல வேண்டியதை அவள் சொல்கிறாள்.

இரண்டு மணிக்குச் சேலம் பஸ். தொப்பூரை நெருங்கும்போது வண்டிகள் வரிசையாக நின்றன. கணவாயில் லாரி ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கிரேன் வர ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார் கண்டக்டர். எல்லாரும் இறங்கினோம். ரோட்டோர ஹோட்டல் வாசலில் புரோட்டா வீசிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை ஒன்பது வருடத்தைத் தாண்டி நேராக வயிற்றில் இறங்கியது. இன்றைக்குத்தான் எதிரில் யாரும் இல்லையே என்று உள்ளே போய் உட்கார்ந்து இரண்டு சொன்னேன்.

நடுத்தர வயசு சர்வர், தட்டைக் கொண்டுவந்து வைத்து, சுடச்சுடச் சால்னா ஊற்றினார். என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஏங்க, இதுல கோதுமை, மைதா ஏதாச்சும் கலந்திருக்குங்களா?"

அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "இது புரோட்டாங்க" என்றார் மெதுவாக. "யாருக்காச்சும் ஆவாதுங்களா?"

"எம் பொண்ணுக்கு."

அவர் என் எதிர் நாற்காலியைப் பார்த்தார். "அவங்க எங்கங்க?"

காலேஜில் சேர்ந்துவிட்டாள் என்றேன். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.