சிலந்திப் போடியார்

காலை ஆறு ஐம்பது. முதலில் கண்ணில் பட்டது ஒரு கை. பாலை மரத்தின் பட்டையில், என் இடது கையிலிருந்து ஒரு சாண் தள்ளி, விரல்களை விரித்து இன்னொரு கை ஊன்றியிருந்தது. சாம்பல் நிறம். மயிர் அடர்ந்திருந்தது. விரல்களை எண்ணினேன். ஐந்துக்கு மேல் போயின. பிறகு அவற்றில் ஒன்று மெதுவாக உயர்ந்தது.

எழுபதுகளின் கடைசி, சிறுபோக அறுவடைக் காலம். மாமாவின் வயல் சவளக்கடைக்கு அப்பால் இருந்தது. வண்டி போகாத கடைசித் தூரத்தை, வற்றிய குளத்தின் ஓரமாகப் பற்றைக் காட்டுக்குள் நடந்துதான் கடக்க வேண்டும். கச்சான் காற்று வாரக்கணக்காக அடித்து நிலத்தை வெடிக்க வைத்திருந்தது. பற்றைகளில் இலையைவிட முள்தான் மிஞ்சியிருந்தது. அதில் ஒன்று என் செருப்பைத் துளைத்து ஏறியது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மரத்தில் கையை ஊன்றி, ஒற்றைக் காலில் நின்று பாதத்தில் இருந்த முள்ளைப் பிடுங்கினேன். நிமிர்ந்தபோதுதான் அதைக் கண்டேன்.

“உம்மா” என்று கத்தினேன். பயந்தால் எவரும் தாயைக் கூப்பிடும் சொல்தான். ஆனால் நான் கத்தியது நீளமாக, உச்சக் குரலில், பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விட்டுவிட்டு வந்த பிள்ளையின் கத்தலாக இருந்தது. கத்திக்கொண்டே ஓடிப்போய், முன்னால் நடந்துகொண்டிருந்த மாமாவின் இடுப்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கழுத்தில் பத்திரிகைக்குப் படம் எடுக்கும் கமரா தொங்கியது.

மாமா என் மனைவியின் தகப்பன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். வீடும் வயலும் பெண்ணுக்கு. மாமாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. ஆகவே கல்முனை வீட்டோடு வயலைப் பார்க்கும் பொறுப்பும் எனக்கு வந்து சேர்ந்தது. அன்றைக்கு அவர் என்னை அழைத்துப் போனதே, கதிர் அறுக்கும் வெட்டுக்காரர் முன்னால் நிறுத்தி, அடுத்த போகத்திலிருந்து மருமகன் சொல்வதுதான் சொல் என்று அறிவிப்பதற்காகத்தான். வெட்டுக்காரர் பார்த்துச் சிரிக்கிற போடியாருக்கு மறு போகம் அரிவு வெட்ட ஆள் வராது. வயல்காரரைப் போடியார் என்றுதான் அங்கே சொல்வது. இதை வரும் வழியில் அவரே எனக்குச் சொல்லியிருந்தார்.

கத்தல் கேட்டு அவர்கள் வயலிலிருந்து ஓடி வரும் சத்தம் வந்தது. பற்றை மறைத்ததால் ஒருவரும் எங்களைக் கண்டிருக்கவில்லை. மாமா என் கைகளைத் தன் இடுப்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். மரத்தடிக்குப் போனார். சிலந்திக்கு நேர் கீழே குனிந்து என் செருப்பை எடுத்தார். சால்வையில் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

“ஆரு கத்தின?” முன்னால் வந்தவர் கேட்டார். கையில் கதிர் அறுக்கும் தாக்கத்தி இருந்தது.

“நான்தான்,” என்றார் மாமா. மரத்தைக் காட்டினார்.

அவர்கள் பார்த்தார்கள். ஒருவர் கம்பை எடுத்தார். மாமா கையை உயர்த்தித் தடுத்தார். நபியைத் தேடி வந்தவர்கள் ஏமாந்து திரும்பக் குகை வாசலில் வலை பின்னிய இனம் அது. அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, கம்பு கீழே விழுந்தது.

“குகையில இரிந்தது இவ்வளவு பெரிசா இரிந்திருக்காது போடியார்,” என்றார் தாக்கத்திக்காரர். “இரிந்திருந்தா தேடி வந்தவனுகள் உம்மாவக் கூப்பிட்டுக்கிட்டுத் திரும்பி ஓடியிருப்பானுகள்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடனே ஒரு வேலை தேவைப்பட்டது. கமராவைத் தூக்கினேன். கமராவுக்குப் பின்னால் நின்றால் பயம் பாதியாகும். முகமும் மறையும். வெறுங்காலைக் காய்ந்த புல்லுக்குள் புதைத்துக்கொண்டு கிட்டப் போனேன். கால்கள் எட்டுத்தான். முன்னால் இருந்த இரண்டு சிறிய உறுப்புகளையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன். தூக்கிய முன்காலின் அடிப்பக்கம் மஞ்சள். முதுகின் நடுவே வெளிறிய பட்டை, அதன் ஓரங்கள் கரியால் கீறியதுபோல் இருந்தன. பக்கத்தில் மரப்பொந்து. அது பொந்துக்குள் போகவும் இல்லை, என் பக்கம் வரவும் இல்லை. மூன்று படம் எடுத்தேன். எடுத்து முடிந்த பிறகும் திரும்பிப் பார்க்க மனமில்லாமல் வில்லையைத் திருகிக்கொண்டிருந்தேன்.

“மருமகன் மூக்குக்கு நேர நிண்டு படம் புடிக்கார்,” என்று பின்னால் ஒரு குரல். “மாமனார் உம்மாவத் தேடுறார்.”

மாமாவும் சேர்ந்து சிரித்தது கேட்டது. அடுத்த போகத்திலிருந்து மருமகன் சொல்வதுதான் சொல் என்று அந்த இடத்திலேயே அவர்களுக்கு அறிவிக்கவும் செய்தார். அவர்கள் வயலுக்குத் திரும்பியதும் சால்வையைப் பிரித்தார்.

“போடுங்க மருமகன். முள்ளு கெடக்கு.”

பகல் சாப்பாட்டுக்கு முன்பே கதை வீட்டுக்கு வந்துவிட்டது. மாமி பெரிய மீன் துண்டை எனக்கு வைத்தார். வாப்பாவா கத்தினார் என்று மனைவி சிரித்துக்கொண்டே கேட்டாள். மாமா முன்னால் இருந்து சோறு பிசைந்துகொண்டிருந்தார். “ஓம்,” என்றேன். மீனைச் சாப்பிட்டேன்.

படம் பத்திரிகையில் வந்தது. மை அப்பி, சிலந்தி எது மரம் எது என்று தெரியவில்லை. ஆனாலும் சந்தியில் இருந்த தேநீர்க் கடைக்காரர் அதை வெட்டிச் சுவரில் ஒட்டினார். அந்தச் சுவரிலிருந்துதான் மாமாவுக்குச் சிலந்திப் போடியார் என்ற பெயர் புறப்பட்டது. ஊரில் பட்டப்பெயர் விழுந்தால் ஆளோடு போகாது, வீட்டுக்கும் ஒட்டும். எங்கள் வீட்டுக்கு வழி கேட்டவர்களுக்குச் சிலந்திப் போடியார் வீடு என்றே சொன்னார்கள். அவர் கடைக்குள் நுழைந்தால் யாராவது மேசைக்கடியில் குனிந்து பார்ப்பார்கள். உம்மாவக் கூப்பிடட்டா போடியார் என்று கேட்பார்கள். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டு, கூப்பிடுங்க, அவவுக்கும் ஒரு பிளேன்டி சொல்லுங்க என்பார். நான் பக்கத்தில் இருந்த நாட்களும் உண்டு. அப்போதெல்லாம் பத்திரிகையை விரித்துப் பிடித்திருப்பேன்.

சில போகம் கழித்து, வரம்பில் நாங்கள் இருவர் மட்டும் நின்றபோது, வெட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். அவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“வெட்டுக்காரர் உங்கட சொல்லுக் கேக்காங்களா?”

“கேக்காங்க மாமா.”

“அப்ப விடுங்க.”

விட்டேன். அவர் சொன்னதால் விட்டேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். விடச் சொல்ல மாட்டாரா என்று எதிர்பார்த்துத்தான் சொன்னேன் என்பது வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே தெரிந்துவிட்டது.

எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மாமா மௌத்தானார். பள்ளிவாசலில் மரணத்தை அறிவிக்கத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தது நான். அவருடைய சொந்தப் பெயரை மட்டும் எழுதினேன். ஒலிபெருக்கியில் அது இரண்டு தடவை வாசிக்கப்பட்டது. தெருவில் நின்றவர்கள் யார் அது என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். மூன்றாம் தடவை, பாங்கு சொல்லும் மோதினார் காகிதத்தில் இல்லாததையும் சேர்த்து வாசித்தார்.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன் வெட்டுக்காரர் எல்லோரும் வந்துவிட்டார்கள்.