நாலாவது பெஞ்சில் நின்றுபோன கணக்கு

போன வெள்ளிக்கிழமை காலை, தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையின் மூன்றாவது மாடிக்குப் படியேறி ஓடினேன். லிஃப்ட் இருந்தது. ஆனால் ஒரு கல்யாணக் கோஷ்டி மொத்தமும் அதில் ஏறியிருந்தது.

புடவை எடுக்கப் போகவில்லை. ஒரு நம்பரைச் சொல்லப் போனேன்.

என்னோடு படித்த தமிழரசி அங்கே சேல்ஸில் நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் நிஜமாகவே நிற்கிறாள் – காலை ஒன்பதரை தொடங்கி கடை மூடும் வரை. அன்று அவளுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு ரிசல்ட். டியூட்டி நேரத்தில் செல்போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். யாராவது நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். “நீதான் பத்திரிகையில எழுதறே, நீயே போ” என்று எங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவில் என்னைத் தள்ளிவிட்டார்கள். எழுதுவதற்கும் மூன்று மாடி ஏறுவதற்கும் என்ன சம்பந்தம்?

இருபத்தாறு வயதில் எதற்குப் பத்தாம் வகுப்பு என்கிறீர்களா? அதற்குத் தை மாதத்துக்குப் போக வேண்டும்.

சித்தி மகள் கல்யாணத்துக்காக அம்மாவோடு அதே மூன்றாவது மாடிக்குப் போயிருந்தேன். அம்மா இருபது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, அலமாரியில் இருந்த இருபத்தோராவதைக் கை காட்டிக்கொண்டிருந்தார். பிரித்துப் போட்ட பெண் அம்மாவை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

“இன்னாடி ரைட்டரு, கண்ணு தெர்லயா?”

அந்த உயரம் எங்கள் வகுப்பில் ஒருத்திக்குத்தான் உண்டு.

“தமிழு… நீயா?”

“மெதுவா பேசு. அண்ணாச்சி பாத்துக்கினு கீறாரு.”

மடித்த புடவைகளுக்கு அடியில் ஒரு புத்தகம் தெரிந்தது. பத்தாம் வகுப்புக் கணக்கு. பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, லேபிளில் ‘தமிழரசி, X’ என்று எழுதியிருந்தது.

“மேல ஸ்டாக் என்ட்ரி செக்‌ஷன்ல ஒரு எடம் காலி ஆவுது. கம்ப்யூட்டர்ல ஏத்தணும், அவ்ளோதான். சேர் உண்டு. ஆறு மணிக்கு வுட்ருவாங்க. ஆனா டென்த் பாஸ் கேக்குறாங்கடி. எனக்கு அந்த ஒரு கணக்குதான் நிக்குது.”

அவளுக்கு நாலு வயதில் ஒரு மகள். அடையாற்றின் கரையில் இருந்த அவர்கள் வீடுகளை அரசாங்கம் இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு அனுப்பிச் சில வருடங்கள் ஆகின்றன. இவள் கடை முடிந்து, பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது குழந்தை தூங்கியிருக்கும். காலையில் இவள் கிளம்பும்போதும் தூங்கிக்கொண்டிருக்கும்.

“செவ்வாக்கெழம லீவு. அன்னிக்குத்தான் அது முழிச்சினு இருக்கிறதைப் பாக்குறேன். மத்த நாளெல்லாம் தூங்குற பாப்பாவுக்குத்தான் நான் அம்மா” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குள் அந்த மாடியின் மேனேஜர் வந்துவிட்டார். திருநெல்வேலிக்காரர், கடையில் எல்லோருக்கும் அண்ணாச்சி. “ரிசல்ட்டு வார வரைக்கும் அந்த எடத்த யாருக்கும் குடுக்க மாட்டேன்னு சொல்லிருக்கம்லா. பெறகு என்னம்மா பேச்சு? அந்த அம்மாவுக்கு மாம்பழக் கலர எடுத்துப் போடு.”

தமிழரசி எடுத்துப் போட்டாள். அம்மா வழக்கம்போல முதலில் பார்த்த புடவையையே எடுத்துக்கொண்டார்.

இப்போது எங்கள் பள்ளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மந்தைவெளியில் ஒரு சந்து. கீழே மாவு மில், மேலே ஹைஸ்கூல். பத்தாம் வகுப்பில் மொத்தமே இருபத்து நாலு பேர். எட்டு, ஒன்பது, பத்து – மூன்று வகுப்பும் ஒரே நீள ஹாலில். நடுவே ப்ளைவுட் தட்டிகள். அந்தத் தட்டி பார்வையைத் தடுக்கும். சத்தத்தை ஒன்றும் செய்யாது.

தட்டிக்கு அந்தப் பக்கம், ஒன்பதாம் வகுப்பில், வரலாறு எடுப்பவர் ஏகாம்பரம் சார். அவர் குரலுக்கு மைக் வைத்தால் மைக்தான் பாவம். பிரெஞ்சுப் புரட்சியில் அவர் சிறைச்சாலையை உடைக்கும்போது எங்கள் தட்டி ஆடும். அவர் ஒன்பதாம் வகுப்பைக் கேள்வி கேட்பார், எங்கள் கடைசி பெஞ்சிலிருந்து தமிழரசி பதில் சொல்வாள். “எவ அவ, டென்த்ல? கரெக்ட்டு. டேய், பாத்துக் கத்துக்கங்கடா” என்று தட்டிக்கு மேலாகப் பாராட்டு வரும். அவர் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னதே இல்லை.

தட்டிக்கு இந்தப் பக்கம், அதே பீரியடில், வசந்தா மிஸ். கணக்கு. தொண்டையில் ஒரு ஆபரேஷன் ஆனதில் அவருக்குக் குரல் பாதிக்கு மேல் போய்விட்டது. பேசினால் காற்று மட்டும் வரும். ஆனால் என்ன கை… காம்பஸ் இல்லாமல் போர்டில் வட்டம் போடுவார். காம்பஸ் வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். எங்கள் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். அதனால் நாங்களே ஒரு ஏற்பாடு செய்திருந்தோம். மிஸ் சொல்வதை முதல் பெஞ்ச் திரும்பி இரண்டாவதுக்குச் சொல்லும், இரண்டாவது மூன்றாவதுக்கு. தபால் என்று அதற்குப் பெயர். சுமாராகப் போய்க்கொண்டும் இருந்தது.

உயரமானவர்களுக்குக் கடைசி பெஞ்ச், ஆறாவது. அது ஸ்கூல் சட்டம். ஆக, தமிழரசியின் முதுகு தட்டியில், காது ஏகாம்பரம் சாரிடம். போர்டில் இருப்பதை ஒழுங்காகக் காப்பி பண்ணுவாள். ஏன் அப்படி என்பது மட்டும் அவளுக்கு வந்து சேராது. சமூக அறிவியலில் வகுப்பில் முதல், கணக்கில் ஃபெயில். ‘நல்லா படிக்கிற பொண்ணு, கணக்குதான் வராது’ என்று ஆசிரியர் எல்லோரும் ஒரே குரலில் முடிவு செய்தார்கள்.

அதைத்தான் அன்று கடையில் அவளிடம் சொன்னேன் – “உனக்கு அப்பவே கணக்கு வராதே தமிழு, இப்ப எப்படி?”

அவள் புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள். “வர்லன்னு யார்டி சொன்னது? கேக்கவேல்ல.”

“தபால் இருந்துச்சே?”

“அது நாலாவது பெஞ்சுலயே நின்னுடும்.”

நாலாவது பெஞ்சில் இருந்தது யார் தெரியுமா? உங்கள் பத்தி எழுத்தாளர்தான். மூன்றாவது பெஞ்சிலிருந்து வருவதை மளமளவென்று எழுதிக்கொண்டு, அடுத்த நிமிடம் மடியில் இருக்கும் லைப்ரரி புத்தகத்துக்குள் குனிந்துவிடுவேன். திரும்பிச் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். நினைப்பதோடு சரி. ஐந்தாவது பெஞ்ச் பாஸ்கருக்கு டியூஷன் இருந்தது. தமிழரசிக்கு நான்தான் இருந்தேன். அதாவது, யாரும் இல்லை.

அன்று சாயங்காலமே வகுப்புக் குழுவில் எழுதினேன். தேர்வுக்கு மூன்று மாதம்கூட இல்லை. அவள் தனியாகப் பணம் கட்டி, விண்ணப்பித்து, யாருக்கும் சொல்லாமல் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று. பிறந்தநாளுக்குக் கேக் படம் போடுவதைத் தவிர வேறொன்றும் செய்யாத குழு அது. அரை மணி நேரத்தில் பதினாறு பேர் வாத்தியாராகிவிட்டார்கள்.

காலை பஸ்ஸில் அவளுக்கு ஒன்றேகால் மணி நேரம் கிடைக்கும். நின்றுகொண்டு வருவதால் புத்தகம் பிரிக்க முடியாது, கேட்க முடியும். ஆகவே, வாய்ஸ் நோட்.

பாஸ்கர் கே.கே. நகரில் பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். கடையில் இருந்தபடியே பாடம் எடுத்தான். “தமிழு, பித்தாகரஸ்னா பயப்படாத. எங்க நைனா கடைல ஏணி கீதுல்ல, அத்த செவுத்துல சாச்சி வெய்யி. ஏணிதான் கர்ணம். செவுரு ஒண்ணு, தரை ஒண்ணு… அண்ணே, ஆக்சிலேட்டர் கேபிள் நாளைக்குத்தான் வரும்… ஆங், ரெண்டையும் வர்க்கம் பண்ணி கூட்டு.”

தமிழரசியின் பதில்: “பித்தாகரஸ் புரிஞ்சிச்சி. நடுவுல ஆக்சிலேட்டர் கேபிள் எதுக்குன்னுதான் புரியல.”

ரம்யா மயிலாப்பூர், ஆடிட்டர் ஆபீஸில் வேலை. பள்ளியில் பென்சிலைக்கூட உயர வரிசையில் அடுக்கி வைப்பவள். அவளுடைய வழி வேறு. “எல்லா ஃபார்முலாவையும் ஒரு நோட்ல எழுதிண்டு, அப்படியே நெட்டுரு பண்ணிடு. பாஸ் கேரண்டி. ஏன்னு மட்டும் கேக்காதே.”

“ஏன்னு கேக்கத்தான்டி நான் வந்ததே” என்றாள் தமிழரசி.

மூன்று வாரம் இப்படிப் போனது. ஒரே கணக்குக்கு ஐந்து பேர் ஐந்து வழி சொன்னார்கள். ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் படம் எடுத்து அனுப்பினாள். நூற்றுக்குப் பத்தொன்பது. குழுவில் எல்லோரும் கட்டைவிரல் படம் போட்டோம். எதற்கு என்று எங்களுக்கே தெரியவில்லை.

“மிஸ்ஸ கேக்கலாமா?” என்று அவள்தான் கேட்டாள்.

ரம்யா உடனே எனக்கு ஃபோன் செய்தாள். “கேளு, வேண்டாங்கல. ஆனா தமிழு ஏன் ஃபெயிலானான்னு மிஸ்ஸுக்குத் தெரிய வேண்டாம். தாங்க மாட்டா.” சரி என்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நானும் தமிழரசியும் அடையாறில் மிஸ் வீட்டுக்குப் போனோம். ரிட்டயராகிவிட்டார். குரல் இன்னும் அப்படியேதான். காபி கொடுத்துவிட்டு, மிஸ் எங்களிடம் முதலில் கேட்டது அதைத்தான். “எல்லாப் பாடமும் வந்துதே உனக்கு. கணக்கு மட்டும் ஏம்மா வராமப் போச்சு?”

நான் ஜன்னலைப் பார்த்தேன். தமிழரசி சாதாரணமாகச் சொன்னாள். “கேக்கல மிஸ்.”

“யாரைக் கேக்கல?”

“உங்க கொரலு மிஸ். கடைசி பெஞ்சுக்கு வராது.”

மிஸ் டம்ளரை மேஜையில் வைத்தார். நான் அவசரமாக, தபால், நாலாவது பெஞ்ச், லைப்ரரி புத்தகம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். முடிக்கும் வரை மிஸ் மேஜை ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“வருஷம் முழுக்க… ஒருத்தர்கூடவா ஒரு வார்த்தை சொல்லல?”

“நீங்களே கஸ்டப்பட்டு பேசுறீங்க. சத்தமா சொல்லுங்கன்னு எப்டி மிஸ் சொல்றது?” என்றாள் தமிழரசி.

“அடிப்பாவி. மரியாதை குடுத்தே ஃபெயிலாயிருக்கியா?” கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “என்னைத்தான் சத்தமாப் பேசச் சொல்ல முடியல. அந்த ஏகாம்பரம் சாரையாவது மெதுவாப் பேசச் சொல்லியிருக்கலாமே. அவர்கிட்ட சொல்லணும்னு எனக்கே எத்தனை வருஷ ஆசை தெரியுமா” என்றார்.

தமிழரசி சிரித்துவிட்டாள். மிஸ்ஸும். காபி ஆறிப்போயிருந்தது. “இப்படிப் பக்கத்துல வந்து உக்காரு” என்று அப்போதே புத்தகத்தைப் பிரித்துவிட்டார். நான் போவதா இருப்பதா என்று இருவருமே சொல்லவில்லை. இருந்தேன். எனக்கும் சில ‘ஏன்’கள் அன்றுதான் வந்து சேர்ந்தன.

அன்றிலிருந்து தினமும் காலையில் மிஸ்ஸின் வாய்ஸ் நோட். குழுவில் எங்களுக்கு ஒன்றும் கேட்காது. ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டாலும் காற்றுதான். ஆனால் பஸ்ஸில் இயர்போன் மாட்டினால் கதையே வேறாம். “காதுக்குள்ளாறயே வந்து சொல்றாங்கடி. எனக்கு மட்டும் சொல்றாப்ல கீது.” இத்தனை வருடம் கழித்து அவளுக்கு முதல் பெஞ்ச் கிடைத்துவிட்டது.

ஒருவருக்கு ஒரு பாடம் வராது, ஒரு வேலை வராது என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவர் எங்கே உட்கார வைக்கப்பட்டார் என்று யாராவது போய்ப் பார்க்கிறோமா?

தேர்வு முடிந்து வெளியே வந்தவள் முகத்தில் ஒன்றும் இல்லை. “கிராஃப்ல அளவு தப்பா எடுத்துட்டேன். ஒரு அஞ்சு மார்க்கு கேள்வி அப்டியே வுட்டுட்டேன்” என்றாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவளும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்தபோது அவள் ஒரு அம்மாளுக்கு நீலப் புடவை ஒன்றைத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். கை நிற்கவில்லை.

“அம்பத்தேழு” என்றேன்.

“நூத்துக்கா?”

“நூத்துக்குத்தான்டி.”

புடவையைத் தோளிலிருந்து எடுத்தாள். மெதுவாக மடித்தாள். பிறகு வாடிக்கையாளர்களுக்காகப் போட்டிருக்கும் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். நீலப் புடவை அம்மாள் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அண்ணாச்சி தூரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் வந்து, “எவ்வளவு?” என்றார். சொன்னேன். “திங்கக்கெழம மேல போயிரு” என்று அவளிடம் சொல்லிவிட்டு, நீலப் புடவையை அவரே கையில் எடுத்து அந்த அம்மாளுக்குக் காட்டத் தொடங்கினார். தமிழரசி எழுந்திருக்கப் பார்த்தாள். “இரும்மா, இரு” என்றார், திரும்பாமலே.

திங்கட்கிழமை அவளிடமிருந்து இரண்டு வாய்ஸ் நோட் வந்தது. முதலாவது சாயங்காலம் ஏழரைக்கு. அதில் அவள் பேசவே இல்லை. யானை ஏன் பஸ்ஸில் வராது என்று அவள் குழந்தை கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாவது ராத்திரி பத்து மணிக்கு. “ரைட்டரு, இன்னும் முழிச்சினுதான் கீது. கதை சொல்லுன்னுது, பாட்டு பாடுன்னுது, தண்ணின்னுது. இத்த எப்டிடி தூங்க வெக்கிறது? மிஸ்ஸ கேட்டுச் சொல்லேன்.”

கேட்டேன். அது சிலபஸில் இல்லையாம்.